கல்லு வச்ச மாதிரி

எக்கோ அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். அம்மா இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஸ்கேன் எடுத்த பெண் அவள் நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை விலா இடுக்கில் அழுத்திப் பிடித்திருந்தார். திரையில் கறுப்பு வெள்ளையாக இதயம் மூடித் திறந்தது. ஒரு பொத்தானைத் தட்டியதும் அதன்மேல் சிவப்பும் நீலமும் பாய்ந்தன.

அம்மா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். "ஏம்மா, நீலமா ஓடுதே, அது கெட்ட ரத்தமா?"

"பேசக்கூடாது பாட்டி, படம் அசையும்."

நானும் அது கெட்ட ரத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் என் உடம்புக்குள் ஓடுவதைப் பற்றிய என் அறிவு அந்த வண்ணப்படத்தோடு நின்றுபோயிருந்தது.

இது 2018இல். அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊரில் சத்துணவுக்கூடத்தில் சமைத்துவிட்டு அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். முப்பது வருடம் விறகடுப்பு. அறிக்கையில் எல்லாம் இயல்பு என்று இருந்தது. டாக்டர் அதைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஹார்ட் நல்லாருக்கு. வாய்வுதான். ரிட்டயர் ஆன நேரம், மனசுலயும் ஏதாவது இருக்கும். கவலைப்படாம இருக்கச் சொல்லுங்க." அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை.

*

அம்மா தன் வலியைச் சொல்லாமல் இல்லை. அவள் சொன்ன அளவுக்குத் துல்லியமாக வலியைச் சொல்லக் கூடியவர்களை நான் பார்த்ததில்லை. குத்தல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு என்று அவளுக்குத் தெரியும். "குத்தலெல்லாம் இல்ல பாப்பா. நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கு. மாவாட்டுற குழவிக்கல்லு. அப்புறம் தாடையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி. தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல கடுக்குது. வேலை பாக்கையில வந்தாலும் வருது, சும்மா உக்காந்திருக்கையில வந்தாலும் வருது. விடியக்காலம் ஒரு தடவை எழுப்பிவிட்டுருது."

இவ்வளவும் மருத்துவமனைச் சீட்டில் இரண்டு சொல்லாக மாறியிருந்தது: ஏடிபிகல் செஸ்ட் பெயின். வழக்கத்துக்கு மாறான நெஞ்சுவலி. சொற்களோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் அந்தச் சொல்லில் நின்றேன். யாருடைய வழக்கத்துக்கு மாறானது? படியேறினால் நெஞ்சின் நடுவில் இறுக்கி, இடதுகைக்குப் பரவி, உட்கார்ந்தால் விட்டுவிடும் வலிதான் வழக்கம் என்று வகுப்பதற்கு யாருடைய நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்கள்? அந்தச் சொல்லைக் கைவிடும்படி அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே சொல்லிவிட்டன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நம் ஊர்ச் சீட்டுகளில் அது இன்னும் இருக்கிறது.

அதே 2021இல் அம்மாவுக்கு ஆஞ்சியோ எடுத்தார்கள். டிரெட்மில்லில் ஓடவைத்தபோது ஈசிஜியில் மாற்றம் தெரிந்ததால். மணிக்கட்டு வழியாகக் கம்பி செலுத்தி, மருந்து பாய்ச்சிப் படமெடுத்து, "ரத்தக்குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு, பிளாக்கே இல்ல, சந்தோஷமா போங்க" என்று அனுப்பினார்கள். கண்ணாடி மாதிரி என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். கல்லு மாதிரி என்று அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் பெண்ணின் குரல் என்றும் பெண்ணுடல் என்றும் பாடம் நடத்துகிறவள் நான். கவிதைத் தொகுப்பு மூன்று வந்திருக்கிறது. ஆஞ்சியோவுக்குப் பிறகு ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். மறுநாள் எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி. "எல்லாம் எடுத்துப் பாத்தாச்சும்மா. உனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசுதான், பேசாம படு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வலியைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. வலி போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

*

என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த இயற்பியல் மாணவி ஒருத்தி, பிறகு உயிர்மருத்துவப் பொறியியலில் ஆய்வுக்குப் போனாள். 2022 தீபாவளி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்த ஓட்டத்தைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பதுதான் தன் ஆய்வு என்றாள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சிடி ஸ்கேனிலிருந்து பெயர்த்தெடுத்து, கணினிக்குள் ரத்தத்தை ஓடவிடுகிறாளாம். "எங்க பாஷைல இதுக்கு மாடல்னு பேரு மேம். தமிழ்ல மாதிரிதானே?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அவள் கேட்டது வேறு: "கண்ணு, அந்த ஸ்கேன்ல நீலமா ஓடுமே, அது கெட்ட ரத்தமா?" நான்கு வருடமாகக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்ல பாட்டி. கருவியைப் பாத்து வர்ற ரத்தம் சிவப்பு, கருவியை விட்டு விலகிப் போற ரத்தம் நீலம். அவ்வளவுதான். நல்லது கெட்டதெல்லாம் இல்ல."

வருவது சிவப்பு, போவது நீலம். 1842இல் பிராக் நகரத்தில் டாப்ளர் என்பவர் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கருத்து இது. நெருங்கி வருவதன் அலை நெருக்கமாகிறது, விலகிப் போவதன் அலை அகல்கிறது. ரயில் நம்மைக் கடக்கும்போது ஊதல் ஒலி மாறுவதும் இதனால்தான். ஒலியலையை ரத்தத்தின்மேல் மோதவிட்டு, திரும்பி வருவதைக் கொண்டு அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டு, வண்ணம் பூசுகிறது எந்திரம். கருவி இருக்கும் இடத்தை மாற்றினால் சிவப்பு நீலமாகும். திரையில் தெரிவது, பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதையும் சேர்த்துத்தான்.

இதே டாப்ளரை நானும் கண்டிருக்கிறேன். என் மகள் வயிற்றில் இருந்தபோது கருப்பைக்குப் போகும் தமனியிலும் தொப்புள்கொடியிலும் ஓட்டம் பார்த்தார்கள். குழந்தைக்குப் போதுமானது போகிறதா என்பதுதான் கேள்வி. அது அவசியமான கேள்வி. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஓடியது என் ரத்தம் என்பதை நானே மறந்துபோயிருந்தேன்.

தமிழில் ரத்தத்துக்குக் குருதி, உதிரம், செந்நீர், சோரி என்று எத்தனையோ சொற்கள். போர்க்களக் கவிதைகளில் அது ஆறாக ஓடும். களத்தில் ஆண் சிந்தினால் வீரம், வீட்டில் பெண் சிந்தினால் தீட்டு என்று வகுப்பில் சொல்லுவேன். சிந்தாத ரத்தத்தைப் பற்றி, ஒரு பெண்ணின் உள்ளே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

*

அடுத்த மாதம் சென்னைக்கு ஒரு வாய்மொழித் தேர்வுக்காகப் போனபோது, அவளுடைய ஆய்வகத்துக்குப் போனேன். ஆய்வகம் என்றால் கண்ணாடிக் குடுவைகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். குளிரூட்டிய அறையில் கணினிகள்தான் இருந்தன.

திரையில் ஒரு குழாய்த்தொகுதி, மரத்தின் வேரைப் பிடுங்கித் தலைகீழாக வைத்தது போல. அதன் உள்வெளி முழுவதையும் பல லட்சம் சின்னஞ்சிறு நான்முகத் துண்டுகளாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொரு துண்டிலும் ரத்தம் என்ன வேகத்தில், என்ன அழுத்தத்தில் இருக்கிறது என்று நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பெயரால் வழங்கும் சமன்பாடுகளைக் கொண்டு கணினி கணக்கிடுகிறது. ஒரு துடிப்பை ஆயிரம் நொடித்துகள்களாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் கணக்கு. ஒரே ஒரு துடிப்பைத் தீர்க்கச் சில வேளைகளில் ராத்திரி முழுக்க ஓடுமாம்.

இன்னொரு திரையில் பெருந்தமனியின் எம்ஆர்ஐ. ரத்தம் எந்தெந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத் துடிப்பு முழுவதும் அளந்து, நூல் நூலாகக் கோடு போட்டிருந்தார்கள். வால்வுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழிவில் ரத்தம் சுழித்துத் திரும்பியது. வைகையில் தண்ணீர் வந்த காலத்தில் பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுழி விழுமே, அது போல. அந்தச் சுழிதான் வால்வை மெல்ல மூடவைக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே லியனார்டோ டா வின்சி அந்தச் சுழியை வரைந்து வைத்திருக்கிறார் என்றாள். எனக்கு அழகில் மனம் போய்விட்டது. அவள் என்னை அங்கே நிற்கவிடவில்லை.

"அழகா இருக்கிறதுதான் மேம் பிரச்சினை. கலர் போட்டா எல்லாரும் நம்பிடுறாங்க."

பாரிஸ் நகரத்து மருத்துவர் புவாஸே, 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்திப் பார்த்து ஒரு விதியைக் கண்டார். அழுத்தம் மாறாமல் இருக்கும்போது, குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. "இதைப் பெண்களுக்குப் பொருத்திப் பாருங்க" என்று ஒரு தாளை எடுத்தாள். இதயத்தின் ரத்தக்குழாய்கள் சராசரியாகப் பெண்களுக்குச் சிறியவை. சிடி ஸ்கேனின் துல்லியம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 4 மி.மீ. விட்டமுள்ள குழாயை மூன்றரை என்று தவறாக அளந்தால், ஓட்டம் உண்மையில் இருப்பதில் 59 விழுக்காடு என்று கணக்கு வரும். 2 மி.மீ. குழாயை ஒன்றரை என்று அளந்தால் 32 விழுக்காடு. அதே அரை மில்லிமீட்டர் தவறுதான். சிறிய உடம்புக்கு அது பெரிய தவறு.

பிறகு ரத்தத்தைக் காட்டினாள். மாதிரிக்குள் ஓடவிட ரத்தத்தின் குழைவுத்தன்மைக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். பாடநூல் எண், ரத்தத்தில் சுமார் 45 விழுக்காடு அணுக்கள் இருக்கும் ஆளுக்குப் பொருந்துவது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அம்மாவின் ஹீமோகுளோபின் 9. அப்படியென்றால் அணுக்களின் பங்கு 27 விழுக்காட்டளவில்தான் இருக்கும். அந்த நீர்த்த ரத்தம் எளிதாக ஓடும், ஆனால் பிராணவாயுவைக் குறைவாகத்தான் சுமக்கும், இதயம் கூடுதலாக இறைக்க வேண்டும். எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட உடம்பின் ரத்தம் பாடநூல் எண்ணில் இல்லை.

*

அவளிடம் நான் கேட்க நினைத்திருந்த கேள்வி ஒன்றுதான். "இந்தக் கணக்கெல்லாம் வச்சு, எங்கம்மாவுக்கு என்னன்னு சொல்ல முடியுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். இதயக் குழாயில் ஓர் அடைப்பு தெரிந்தால், அது ரத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அறிய, மெல்லிய அழுத்தமானிக் கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். சிறுகுழாய்களை விரியவைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். 100 அலகோடு வந்த ரத்தம் அடைப்புக்கு அப்பால் 80 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருந்தால் அது தொல்லை தரும் அடைப்பு. இந்த 0.80 என்ற எண்ணைக் கம்பி நுழைக்காமலே, சிடி ஸ்கேனையும் கணினியையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டிலிருந்த சார்லஸ் டெய்லர். அவர் சேர்ந்து தொடங்கிய ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு 2014இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. தேவையற்ற ஆஞ்சியோவிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றக் கூடிய நல்ல முறை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, திரையில் இருந்த மரத்தின் நுனிகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்க மேம். இதுக்கு அப்பால ஸ்கேன்ல எதுவும் தெரியாது. ஆனா ரத்தம் இங்கேயே நின்னுடாதில்லையா?"

பெரிய குழாய்கள் கிளைத்துக் கிளைத்து, அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய், கடைசியில் ஒரு சிவப்பணு உடலைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. இதயத்தசைக்கு உண்மையில் சோறூட்டுவது அந்தச் சிறுகுழாய்கள்தான். ஆஞ்சியோவிலும் அவை தெரியாது. மாதிரியில் அவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு நுனியிலும் ஓர் எண்ணைப் பொருத்துகிறார்கள். இதயத்தசையின் எடை இவ்வளவு, எனவே ஓய்வில் ரத்தம் இவ்வளவு போகும். குழாய் பெரிதென்றால் அதற்கு அப்பால் தடை குறைவு. மருந்து கொடுத்தால் சிறுகுழாய்கள் எதிர்பார்த்த அளவுக்கு விரியும். இவையெல்லாம் அனுமானங்கள். நியாயமான அனுமானங்கள்தான். ஆனால் சிலருக்கு நோயே அங்கேதான் இருக்கிறது. சிறுகுழாய்கள் விரிவதில்லை. அவர்களுக்குப் பெரிய குழாய்கள் கண்ணாடி மாதிரி இருக்கும்.

"அப்படி இருக்கிறவங்கள்ல பெண்கள் அதிகம் மேம்."

நுனியில் பொருத்தும் அந்த எண்களை அவர்கள் பவுண்டரி கண்டிஷன் என்கிறார்கள். தமிழில் எல்லை நிபந்தனை என்று கலைச்சொல் உண்டு. "விளிம்புநிலைன்னு சொல்லலாமா மேம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

*

ஊருக்குத் திரும்பும் ரயிலிலும் அதற்குப் பிறகும் தேடிப் படித்தேன். 1991இல் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு தலையங்கம் எழுதினார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர் அவர். படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட யென்டில் என்ற கதைப்பெண்ணின் பெயரை எடுத்து, ஒரு பெண் தன் இதயநோயும் ஆணுடையதைப் போன்றதுதான் என்று நிரூபித்த பிறகுதான் அவளுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்றார். பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துகளின் தொடக்கக்கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கிவைக்கும்படி 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்ன வழிகாட்டல் அப்போது நடப்பில் இருந்தது. அது 1993இல்தான் மாறியது.

1996இல் அங்கே நெஞ்சுவலியோடு வந்த பெண்களை மட்டுமே வைத்து வைஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். குழாயில் பெரிய அடைப்பு இல்லை என்று சொல்லப்பட்டவர்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிறுகுழாய்கள் சரியாக விரியவில்லை என்று கண்டார்கள். ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் தெரிந்தது. அதைப் படித்த ராத்திரி நான் எழுந்து போய் அம்மா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் படித்தேன். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் அபாயம் அதிகம். தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஜன்னி கண்டது. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோன கதையை ஊரே சொல்லும். மருத்துவமனைப் படிவத்தில் புகைப்பழக்கம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். பிரசவத்தில் ஜன்னி கண்டதா என்ற கேள்வி இல்லை. முப்பது வருடம் விறகுப்புகை குடித்தாளா என்ற கேள்வியும் இல்லை.

மறுநாள் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு, "அம்மா, அந்த வலி இன்னும் வருதா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வராம எங்க போகும்?"

*

மாணவியின் ஆய்வுக்கு இணை வழிகாட்டியாக இருந்த பெண் மருத்துவர் ஒருவரிடம் 2023 தொடக்கத்தில் அம்மாவைக் கூட்டிப்போனோம். அவர் முதலில் எந்தக் காகிதத்தையும் வாங்கவில்லை. அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா, எப்படி வலிக்குது?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. குழவிக்கல்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். இருபது நிமிடம் இருக்கும். ஜன்னியையும் சொன்னாள்.

மருந்து கொடுத்து இதயத்தை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். அந்த மருந்து ஏறிய சில நிமிடம் நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எந்திரத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: "இதான். இதே வலிதான்."

படத்தைப் பிறகு காட்டினார்கள். மருந்துச்சாயம் ஏறிய இதயத்தசை வெளுப்பாகத் தெரிந்தது. ரத்தம் போதாத இடம் கறுப்பு. வட்டமான தசையின் உள்விளிம்பு நெடுகக் கறுப்பாக ஒரு வளையம் ஓடியது. பெரிய குழாயில் அடைப்பென்றால் அந்தக் குழாய் பாயும் பக்கம் மட்டும் கறுக்கும். சுற்றிலும் கறுத்தால் சிறுகுழாய்கள்தான். மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா என்று எழுதிக்கொடுத்தார்.

அம்மா அந்தக் கறுப்பு வளையத்தை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "அப்ப நான் சும்மா சொல்லல" என்றாள். என்னிடம் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம், டாக்டரிடம் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு சங்கடம் எனக்கு உண்டு. படம் வந்த பிறகுதான் நான் நம்பினேன். ஐந்து வருடம் அவள் வாயால் சொன்னதற்கு இல்லாத மரியாதை, ஒரு கறுப்பு வளையத்துக்குக் கிடைத்தது. அந்த வளையமும் தெரியாமல் போயிருந்தால்? எந்தக் கருவிக்கும் எட்டாத வலியோடு எத்தனையோ பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் படம் வரும்வரை நாம் காத்திருக்கச் சொல்லப்போகிறோமா?

மாணவி ஒரு வேலை செய்தாள். பாதி அடைப்புள்ள ஒரு குழாயைக் கணினியில் எடுத்துக்கொண்டு, நுனிகளில் இருக்கும் எண்களை மட்டும் மாற்றினாள். சிறுகுழாய்கள் வழக்கம்போல விரியும் என்பதற்குப் பதிலாக, அம்மாவுடையவை போல விரியாது என்று கொடுத்தாள். அழுத்த விகிதம் முதலில் 0.80க்குக் கீழே இருந்தது. விரியாத் தன்மையைக் கூட்டக் கூட அது மேலே ஏறியது. காரணம் எளிமையானது. சிறுகுழாய்கள் வாங்கிக்கொள்ளாததால் பெரிய குழாயில் ஓட்டமே குறைந்துவிடுகிறது, ஓட்டம் குறைந்தால் அடைப்பில் விழும் அழுத்தமும் குறைகிறது. நோய் முற்ற முற்ற அறிக்கையில் எண் நல்லதாகிக்கொண்டே போகும். "தீசிஸ்ல ஒரு அத்தியாயமா வைக்கப் போறேன் மேம்" என்றாள். துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானாம். ஆனால் மாதிரிகளை ஓட்டிப் பார்க்க அவளுக்குக் கிடைக்கும் ஸ்கேன்களில் ஆண்களுடையவைதான் அதிகம். நெஞ்சுவலி என்று வரும் பெண்ணை ஸ்கேனுக்கு அனுப்பினால்தானே அவள் குழாய் கணினிக்குள் வரும். அனுப்புவதற்கு, முதலில் அவள் சொல்வதை நம்ப வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது மாத்திரைகள் உண்டு. இரும்புச்சத்தும் கொடுக்கிறார்கள், ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிவிட்டது. விடியற்காலை வலி குறைந்திருக்கிறது. போய்விடவில்லை. மழைக்காலத்திலும், தம்பி வந்து சண்டை போட்டுவிட்டுப் போகும் நாள்களிலும் வருகிறது. மனக்கவலையால் சிறுகுழாய் இறுகும் என்று டாக்டரே சொன்னார். மனசுதான் என்று நான் சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. மனசு என்று சொன்னதும் விசாரிப்பதை நிறுத்திவிட்டதுதான் பிழை.

டாக்டர் சொன்னபடி, வலி வரும்போதெல்லாம் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தாள், எப்படி வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். ஆரம்பத்தில் அவள் சொன்னதை நானாகவே நல்ல தமிழாக்கி எழுதினேன். இறுக்கம், அழுத்தம் என்று. ஒரு நாள் படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "நான் அப்படியா சொன்னேன்? சொன்னதை எழுது பாப்பா" என்றாள். அதிலிருந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஐந்தே முக்கால். மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது. அஞ்சு நிமிஷம். ஈரத்துணியை முறுக்கிப் பிழியிற மாதிரி.